ஓட்டு வீட்டுல மார்கழிக் குளிர், கரண்ட் 640 யூனிட்: எங்க குறைக்கலாம்ங்க?

தாளவாடி மேட்டுக்காடு (கேள்வி)

வணக்கமுங்க. வீடு ஈரோடு மாவட்ட மலையில தாளவாடிப் பக்கம். மங்களூர் ஓடு, 9 இஞ்ச் செங்கல் சுவர், ரெட் ஆக்சைடு தரை. சீலிங் கிடையாது, அண்ணாந்து பார்த்தா ஓடுதான். படுக்கிற ரூம் 12க்கு 12 அடி. முகட்டுல 13 அடி உயரம், ஓரத்துல 9 அடி. மார்கழி, தை ரெண்டு மாசமும் விடியக்காலம் ரூமுக்குள்ளயே 15 டிகிரி காட்டுது.

மத்த மாசத்துல ரெண்டு மாசக் கணக்குக்கு 290 யூனிட் வரும். இந்தத் தடவை 640. கூடுதலா ஓடுனது 2000 வாட் ஃபேன் ஹீட்டர் மட்டும்தான், ராத்திரி ஒன்றரை மணி நேரம், காலையில ஒரு மணி நேரம். கீசர் 25 லிட்டர், 2000 வாட், போர் தண்ணி. அதை ஆஃப் பண்ற வழக்கமே இல்லை. தெர்மோஸ்டாட் மாட்டுனவங்க வெச்சபடியே இருக்குது.

குளிக்கிறது நாலு பேர். அப்பாவுக்கு 74 வயசு, சர்க்கரை இருக்குது. பையனுக்கு 4 வயசு. அதனால "குளிரைத் தாங்கிக்குங்க"ன்னு சொல்லிராதீங்க.

ஃபேன் ஹீட்டருக்குப் பதிலா ஆயில் ஹீட்டர் வாங்குனா யூனிட் குறையுங்களா? கீசரை ஆன்லயே விட்டாத்தான் மிச்சம்னு சொல்றாங்களே, நெசமா? ஓட்டுக்கு அடியில செலவு கம்மியா என்ன அடிக்கலாம்? அப்புறம், குமுட்டியில கரி போட்டு ரூமுக்குள்ள வெச்சுக்கலாம்னு அம்மா சொல்றாங்க. அது சரிப்படுமா?

---

சத்தி வயரிங்

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிர்றேனுங்க. குமுட்டி வேண்டவே வேண்டாம். கரி கணகணன்னு எரியறப்ப புகை இருக்காது, அதனால ஆபத்து இல்லைன்னு நினைச்சுக்குவாங்க. அப்பவும் கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வரும். வாசமும் இல்லை, கண்ணும் எரியாது. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும், அப்படியே எந்திரிக்க மாட்டாங்க. குளிருக்குன்னு கதவு ஜன்னலைச் சாத்துற ரூம்ல இது உயிர் போற சமாச்சாரம். "ஜன்னலைக் கொஞ்சூண்டு திறந்து வெச்சுக்கலாம்"ங்கறதும் நம்பக்கூடாத பேச்சு. அம்மாவுக்கு ஆசையா இருந்தா திண்ணையில வெச்சுக் கை காட்டிக்கட்டும், உள்ள வரும்போது வெளியவே விட்டுட்டு வரட்டும்.

இப்ப கணக்கு. 2 கிலோவாட், இரண்டரை மணி நேரம், 60 நாள்: 300 யூனிட். உங்க 350 யூனிட் ஏத்தத்துல 300 இந்த ஒரு ஹீட்டர்தான். ஹீட்டர்ல தெர்மோஸ்டாட் இருந்தாலும், சீலிங் இல்லாத ரூம்ல அது கட் ஆகுற அளவுக்குச் சூடு எட்டாது, முழு நேரமும் ஓடும். மிச்சம் கீசர். வெயில் காலத்துல தொட்டித் தண்ணி 23 டிகிரியில உள்ள வரும், இப்ப 16ல வரும். நாலு பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர், 40 டிகிரின்னா 80 லிட்டரை 24 டிகிரி ஏத்தணும். 1920 கிலோ கலோரி. ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி, ஆக நாளைக்கு 2.2 யூனிட். வெயில் காலத்துல இதே வேலை 1.6 யூனிட்ல முடியும். ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட் வித்தியாசம்.

640ல வலிக்கிறது யூனிட் மட்டும் இல்லைங்க. ரெண்டு மாசக் கணக்கு 500ஐத் தாண்டுனா 101லிருந்து 200 வரைக்கும் உள்ள குறைஞ்ச ரேட்டு உங்களுக்குக் கிடையாது, அந்த 100 யூனிட்டும் மேல் ரேட்டுக்குப் போயிரும். 500க்கும் 501க்கும் நடுவுல 200 ரூபாய்க்கு மேல ஒரே தாவல். அதனால முதல் குறி 500க்குக் கீழ வர்றது.

ஆயில் ஹீட்டர்: யூனிட் ஒரு பொட்டுக்கூடக் குறையாது. கம்பியைச் சூடாக்குற எந்த ஹீட்டரா இருந்தாலும், ஃபேன், ஆயில், ராடு எதுவானாலும், ஒரு யூனிட் கொடுத்தா 860 கிலோ கலோரிதான் திரும்ப வரும். அதுக்கு மேல தர்றதா டப்பாவுல எழுதியிருந்தா அது விளம்பரம். வித்தியாசம் அந்தச் சூடு எங்க போகுதுங்கறதுலதான். ஃபேன் ஹீட்டர் காத்தைச் சூடாக்கும், சூடான காத்து மேல ஏறும், உங்க ஓட்டுச் சந்துல வெளிய போகும். ஆயில் ஹீட்டரும் முக்கால்வாசி அதையேதான் பண்ணும், சத்தமில்லாம, மெதுவா. இந்த மாதிரி உயரமான ரூமுக்கு 800 வாட் குவார்ட்ஸ் ராடு ஹீட்டர் ஒண்ணு போதும். அது காத்தை விட்டுட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளைச் சூடாக்கும். 3, 4 அடி தள்ளி, ஆளைப் பார்த்து வைக்கணும். பையன் இருக்கிறதால கம்பி வலை உள்ளதா, சாஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச் உள்ளதா வாங்குங்க. போர்வை, திரைச்சீலை மூணடிக்குள்ள வரக்கூடாது. தூங்கும்போது ஆஃப்.

கீசரை ஆன்லயே விட்டா மிச்சம்ங்கறது பொய். தண்ணி எவ்வளவு நேரம் சூடா நிக்குதோ அவ்வளவு நேரம் டேங்க் வழியா சூடு கசிஞ்சுக்கிட்டே இருக்கும். 75 டிகிரியில நாள் பூரா நிக்கிற பழைய 25 லிட்டர் டேங்க் சும்மா இருக்கறதுக்கே ஒரு யூனிட் பக்கம் தின்னும். ஆன் பண்ணும்போது "ஜாஸ்தி இழுக்குது"ன்னு சொல்றாங்க, அப்படி ஒண்ணு கிடையாது. 2000 வாட்னா எப்பவும் 2000 வாட்தான்.

செய்ய வேண்டியது: தெர்மோஸ்டாட்டை 60க்குக் கொண்டு வாங்க. 25 லிட்டர் 16லிருந்து 60க்கு வர 1.3 யூனிட், 38 நிமிஷம். 60 டிகிரி 11 லிட்டரோட 9 லிட்டர் பச்சத் தண்ணி கலந்தா 40 டிகிரி பக்கெட் ஒண்ணு. ஒரு டேங்க்குக்கு ரெண்டு பேர். அஞ்சு மணிக்குப் போட்டு அஞ்சே முக்காலுக்கு ரெண்டு பேர், மறுபடி காஞ்சதும் ஒட்டுக்கா அடுத்த ரெண்டு பேர். கடைசி ஆள் பக்கெட்டைப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிரணும். இல்லைன்னா குளிச்சு முடிக்கிறதுக்குள்ள உள்ள வந்த புதுத் தண்ணியை யாருக்காகவோ காய வெச்சுக்கிட்டிருக்கும்.

இன்னொண்ணு. ஹீட்டரை 6 ஆம்ப் பிளக்குல, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடாதீங்க. 2000 வாட் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். பின்னு லூஸா இருந்தா அந்த ஒட்டுல சூடேறி பிளாஸ்டிக் உருகும், ஃபியூஸ் போகாமலேயே தீப்பிடிக்கும். 16 ஆம்ப் சாக்கெட், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், தனி எம்சிபி (லோடு கூடுனா தானா விழற சுவிட்ச்). கீசர் லைனுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லாம இருந்தா இந்த வாரமே போடுங்க.

---

பெருந்துறை சிவில்

சத்தி அண்ணன் கணக்குக்கு மேல வீட்டுக் கணக்கு ஒண்ணு.

உங்க ரூம்ல சூடு போற வழி மூணு. சந்து வழியாப் போற காத்து, ஓடு, சுவர். உள்ளயும் வெளியயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்க, தோராயமா காத்துல 75 வாட், ஓட்டுல 80 வாட், வெளிச் சுவர் ரெண்டுல 45 வாட். மொத்தம் 200. அதாவது 2000 வாட் ஹீட்டர் முழு மூச்சா ஓடுனாலும் 10 டிகிரிதான் ஏறும், அதுவும் ஆஃப் பண்ணுன கால் மணி நேரத்துல இறங்கிரும். மேகமில்லாத ராத்திரியில ஓடு ஆகாசத்தைப் பார்த்துச் சூட்டை விட்டு வெளிக்காத்தை விடக் குளிர்ந்து போயிரும். விடியக்காலம் ஓட்டுக்கு அடிப்பக்கம் ஈரம் கோக்கறது அதனாலதான்.

9 அடியில ஒரு சீலிங் அடிச்சு, சந்தையும் அடைச்சா இந்த 200 சுமார் 85க்கு வரும். எந்த ஹீட்டர் மாத்தினாலும் கிடைக்காத மிச்சம் அது.

முதல்ல காசில்லாத வேலை. சாயங்காலம் ஊதக்காத்து கிளம்புனதும் ஒரு ஊதுபத்தியைப் பத்த வெச்சு சுவர் தலை, ஜன்னல் சட்டம், கதவு அடி, வயர் போற ஓட்டை எல்லாம் காட்டுங்க. புகை எங்க சாயுதோ அங்கதான் காசு போகுது. ஓட்டு வீட்டுல பெரும்பாலும் சுவர் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவுல இருக்கிற இறவாரச் சந்துதான். உடைஞ்ச செங்கலும் சுண்ணாம்புக் கலவையும் வெச்சு அடைங்க. சிமெண்ட் வெச்சா மரச் சட்டம் அசையறப்ப விரிசல் விடும், சுண்ணாம்பு தாங்கும். கதவடிக்கு சாக்கை இறுக்கமாச் சுருட்டித் தெச்சுப் போட்டாப் போதும்.

முழுசா அடைச்சுராதீங்க. நாலு பேர் மூச்சு விடற ரூம். எதிர்ப்பக்க ஜன்னல்ல மேல் கதவு ஒண்ணை விரலளவு திறந்து வைங்க. துவைச்ச துணியை உள்ள காயப் போடாதீங்க. இல்லைன்னா மாசி வர்றதுக்குள்ள மூலையில பூஞ்சணம் கறுப்பாப் பிடிக்கும்.

சீலிங்குக்கு நான் சொல்றது 6 எம்எம் ஃபைபர் சிமெண்ட் போர்டு. 8க்கு 4 அடி போர்டு, வெட்டுச் சேதத்தோட 144 சதுர அடிக்கு 6 வேணும். ஒவ்வொண்ணும் 20 கிலோவுக்கு மேல கனம். அதனால ஜிஐ சேனலை ரெண்டடிக்கு ஒண்ணா அடிச்சு, தொங்கு கம்பியை ரீப்பர்ல (ஓடு உட்கார்ற மெல்லிசுக் கட்டை) மாட்டாம சட்டத்துல (கனமான கைமரம்) மாட்டணும். ரீப்பர்ல மாட்டுனா ஓடு இறங்கும். போர்டுக்கு மேல 50 எம்எம் ராக்வுல் ஸ்லாப் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சுப் பலகை), பாலிதீன் கவர்ல சுத்தி. கையுறை, மாஸ்க் இல்லாம ராக்வுல் தொடக்கூடாது.

ஜிப்சம் போர்டு விலை குறைவு. ஆனா ஓட்டு வீட்டுல ஒரு ஓடு நகர்ந்து ஒரு மழை ஒழுகுனாலே மஞ்சளாக் கறை பட்டுத் தொப்புன்னு தொங்கும். எதை அடிச்சாலும் முன்னாடி ஓட்டை மாத்தி அடுக்கிருங்க. ஆள் ஏறிப் பார்க்க ரெண்டடிக் கதவு ஒண்ணு விடுங்க, எலி வயரைக் கடிச்சா எங்கன்னு தெரியாம போர்டை உடைக்க வேண்டி வரும். சீலிங்குக்கு மேல ரெண்டு பக்கமும் வலை போட்ட சின்ன ஓட்டை விட்டா மரத்துக்கு நல்லது. அங்க காத்து போனா உங்களுக்கு நஷ்டம் இல்லை, குளிர் ராக்வுல்லோட நின்னுரும்.

தெர்மகோல் ஒட்டச் சொல்லி யாராவது வருவாங்க. வேண்டாம். தீப்பிடிச்சா உருகி மேல சொட்டும், புகை விஷம்.

இந்த வருஷம் காசு இல்லைன்னா மேற்கட்டி கட்டுங்க. கனமான காடாத் துணி ரெண்டு அடுக்கு, நடுவுல ரெண்டு இஞ்ச் இடைவெளி, 8 அடி உயரத்துல நாலு பக்கமும் சுவரோட ஒட்டி இழுத்துக் கட்டணும். சூடு ஏறிப் போற காத்தை அது நிறுத்தும். ஓரத்துல கை நுழையற சந்து இருந்தா பிரயோஜனம் இல்லை.

---

திருப்பூர் ஏசி மெக்கானிக்

இத்தனை எதுக்குங்க? ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசி ஒண்ணு போட்டா ஒரு யூனிட்டுக்கு மூணு யூனிட் சூடு கிடைக்கும். வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உள்ள தள்ளுது, அதனால 860 கணக்கு அதுக்குப் பொருந்தாது. தாளவாடிக் குளிர்ல அவுட்டோர் யூனிட் பனி பிடிக்கிற பிரச்சினையும் வராது.

வாங்கும்போது ஒண்ணைக் கவனிங்க. ரிமோட்ல சூரியன் படம் இருக்கறதால ஹீட் மோட் இருக்குன்னு அர்த்தம் இல்லை, ஒரே ரிமோட்டை எல்லா மாடலுக்கும் கொடுப்பாங்க. அவுட்டோர்ல நாலுவழி வால்வு (கூலிங்கை ஹீட்டிங்கா திருப்பி விடறது) உள்ள மாடலான்னு கேட்டு, பில்லுலயே ஹாட் அண்ட் கோல்டுன்னு எழுதி வாங்குங்க.

---

பெருந்துறை சிவில்

மெக்கானிக் சொல்றது கணக்குப்படி சரி. ஆனா சீலிங் இல்லாத ரூம்ல 1 டன் ஏசி போட்டா அந்தச் சூடான காத்தும் முகட்டுல போய்த்தான் நிக்கும். யூனிட்டு சுவத்துல மேல இருக்குது, காத்து கீழ இறங்கவே மாட்டேங்கும். சீலிங் அடிச்ச பொறவு பாருங்க, அப்ப தேவையே இல்லைன்னுகூட இருக்கலாம்.

---

சென்னிமலை நெசவு

ரூமைச் சூடாக்கறதை விட்டுட்டுப் படுக்கையைச் சூடாக்குங்க.

எலெக்ட்ரிக் பெட் வார்மர் ஒத்தைக் கட்டிலுக்கு 60லிருந்து 100 வாட் வரைக்கும். படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டு, மேல போர்வையை விரிச்சு மூடி வைக்கணும். ரெண்டு கட்டிலுக்கும் சேர்த்து நாளைக்கு 0.2 யூனிட்டைத் தாண்டாது. மடிச்சு வைக்கக்கூடாது, ஊசி குத்தக்கூடாது, உள்ள இருக்கிற கம்பி அறுந்து அங்க மட்டும் சூடேறும். உங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் கூடுதல் கவனம் வேணும். சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், பொசுங்கறது தெரியாது. அதனால அப்பா படுக்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணி, பிளக்கையும் பிடுங்கிருங்க. பையன் ராத்திரி நனைக்கிற வயசு, அவனுக்கும் அதே முறை.

ரப்பர் சுடுதண்ணிப் பை இன்னும் சிக்கனம். 2 லிட்டர் 60 டிகிரித் தண்ணி ஊத்தி ஒரு பையைச் சூடாக்க ஆகுற கரண்ட் 0.1 யூனிட். கொதிக்கற தண்ணி ஊத்தாதீங்க, முக்கால் அளவு ஊத்தி, காத்தை அமுக்கி வெளிய விட்டுட்டு மூடணும், துணி உறை போட்டுக் கால்மாட்டுல அரை மணி நேரம் முன்னாடி வெச்சிரணும். அப்பா படுக்கும்போது எடுத்துருங்க. எந்தச் சூட்டையும் அவர் கால்ல வெச்சுப் பார்க்கச் சொல்லாதீங்க, உங்க முழங்கையில வெச்சுப் பாருங்க.

எல்லாரும் மேல போத்திக்கறதைப் பத்தியே பேசுவாங்க. கயித்துக் கட்டில், நாடாக் கட்டில்னா குளிர் அடியில இருந்துதான் வரும். முதுகு அமுக்குற இடத்துல மெத்தை தட்டையாகி அதுல இருந்த காத்து போயிருக்கும். கீழ கோரைப்பாய், அதுக்கு மேல பவானி ஜமக்காளம் ரெண்டா மடிச்சு, அதுக்கு மேல இலவம்பஞ்சு மெத்தை. மெத்தையை வாரம் ஒருக்கா உச்சி வெயில்ல போட்டுத் தட்டுங்க, ஈரம் போய்ப் பஞ்சு எழும்பும். மேல கனமா ஒரே கம்பளியை விட, நம்ம ஊர்ப் பருத்திப் போர்வை ஒண்ணு உடம்போட, கம்பளி அதுக்கு மேல. நடுவுல நிக்கிற காத்துதான் குளிரைத் தடுக்குது. தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ் போட்டா அப்பாவுக்கு ரூம் 17 டிகிரியில இருந்தாலும் சமாளிக்கலாம். சாக்ஸ் எலாஸ்டிக் இறுக்கமா இருக்கக்கூடாது.

ரெட் ஆக்சைடு தரையில கால் வைக்கற இடமெல்லாம் ஜமக்காளம் விரிங்க. தரை அதே சூட்டுலதான் இருக்கும், கால் சூட்டை இழுக்கறது நிக்கும். ஓரம் மடங்கி அப்பா தடுக்கிராம அடியில ரப்பர் வலை போடுங்க.

---

பொடக்காணி பாய்லர்

தாளவாடியில இருந்துக்கிட்டுச் சுடுதண்ணிக்குக் கரண்டு எதுக்குங்க? நடுவுல புகைக்குழல் உள்ள செம்புப் பாய்லர் ஒண்ணைப் பொடக்காணியில (வீட்டுக் கொல்லைப்புறம்) வைங்க. 80 லிட்டருக்குக் காஞ்ச விறகு 2லிருந்து 3 கிலோ. தேங்காய்த் தொட்டி, மக்காச்சோளக் கட்டை, மல்பெரிக் குச்சி எல்லாம் எரியும். பட்டுப்பூச்சி வளர்க்கற தோட்டம் பக்கத்துல இருந்தா குச்சி வருஷம் பூரா கிடைக்கும். வாங்கி ஆறு மாசம் மழை படாம அடுக்கி வைக்கணும், ஈரக் குச்சியில சூட்டுல ஒரு பங்கு அதோட ஈரத்தை ஆவியாக்கவே போயிரும், குழல்ல தாரு பிடிக்கும். காட்டுக்குள்ள விறகு பொறுக்கப் போகாதீங்க. 2013ல இருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், கேஸும் ஆகும், யானையும் நிக்கும்.

குழல்ல கரி ஏறுனா தண்ணி காயற நேரம் கூடும். பத்து நாளைக்கு ஒருக்கா பழைய தேங்காய் நார்ப் பிரஷ்ஷை மேல இருந்து விட்டு இழுங்க. தண்ணி இல்லாம தீ வெச்சா ஈயப் பத்து உருகி ஒழுக ஆரம்பிச்சிரும்.

பாய்லரைக் குளிக்கற ரூமுக்குள்ள வைக்காதீங்க. சத்தி அண்ணன் குமுட்டிக்குச் சொன்னதேதான். குளியலறைக்குள்ள கேஸ் கீசர் மாட்டறதுக்கும் அதேதான், வெளிச் சுவத்துல மாட்டிக் குழாயை மட்டும் உள்ள விடணும்.

கேஸ் அடுப்புல காய வெச்சா லாபமான்னு கேட்கறவங்களுக்கு ஒரு சுருக்குக் கணக்கு: 14.2 கிலோ சிலிண்டர்ல இருந்து தண்ணிக்கு வந்து சேர்ற சூடு சுமார் 120 யூனிட் கரண்டுக்குச் சமம். சிலிண்டர் விலையை 120ஆல வகுத்து, நீங்க கடைசியா நிக்கிற ஸ்லாப் ரேட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. 900 ரூபாய்னா ஏழரை ரூபாய் வருது. 500 யூனிட்டுக்குக் கீழ வந்துட்டா கரண்டுதான் மலிவு.

---

கோவை சோலார் வேலை

விறகு பாடு வேண்டாம்னா 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். 60 டிகிரித் தண்ணி 100 லிட்டர் கிடைச்சா நாலு பேருக்குத் தாராளம். தை, மாசி வெயில்ல நல்லா காயும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்துல கைவிடும், அப்ப பழைய கீசர் வேணும், கழட்டிராதீங்க.

போர் தண்ணி உப்புன்னா ஃபிளாட் பிளேட் வேண்டாம், அதோட மெல்லிசான செம்புக் குழாய் அடைச்சுக்கும். கண்ணாடி டியூப் மாடல்ல உப்பு அடியில தங்கும், டியூபைக் கழட்டிக் கழுவலாம். ஆனா ஒரு டியூப் உடைஞ்சாலும் டேங்க் பூரா காலியாகும். குரங்கு வர்ற இடத்துல வலை போடுங்க.

மாட்டறவங்க சறுக்கற இடம் நாலு:

ஒண்ணு, ஓட்டு மேல ஏத்தறது. தண்ணியோட 150 கிலோவுக்கு மேல வரும், சட்டம் தாங்காது. குளியலறை கான்கிரீட் மேல வைங்க.

ரெண்டு, பச்சத் தண்ணித் தொட்டியோட அடிமட்டம் சோலார் டேங்க்கோட தலைக்கு மேல இருக்கணும். கால் அடி குறைஞ்சாலும் டேங்க் முழுசா நிரம்பாது, மேல காத்து நிக்கும். ஏர் வென்ட் குழாய் பச்சத் தண்ணித் தொட்டியோட மேல்மட்டத்தை விட உசரமா இருக்கணும், அதை மூடவே கூடாது.

மூணு, சாய்வு. தெற்கு பார்த்து, 20லிருந்து 25 டிகிரி. நம்ம அட்சரேகை 11 டிகிரிப் பக்கம், குளிர் காலத்துல சூரியன் தெற்க சாயறதால அதுக்கு மேல 10, 15 சேர்க்கறோம். மார்கழியில உச்சிச் சூரியன் 55 டிகிரியிலதான் நிக்கும், அதனால தெற்க தென்னை இருந்தா நிழல் எதுவரைக்கும் விழுதுன்னு மார்கழியிலேயே பாருங்க, சித்திரையில பார்த்துட்டு ஏமாறாதீங்க.

நாலு, வெயில்ல காஞ்சு நிக்கிற காலி டியூப்ல பச்சத் தண்ணி விடறது. பட்டுன்னு வெடிக்கும். முதல் தடவை நிரப்பறதும், ரிப்பேருக்கு அப்புறம் நிரப்பறதும் விடியக்காலம், இல்லைன்னா பொழுது சாஞ்ச பிறகுதான்.

குழாய்: முக்கால் இஞ்ச் சிபிவிசி (சுடுதண்ணி தாங்கற பிளாஸ்டிக் குழாய்) ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும். 15 மீட்டர் ஓடுனா ஒவ்வொரு காலையும் கிட்டத்தட்ட 4 லிட்டர் ஆறிப்போன தண்ணி முன்னாடி வரும். குளியலறைக்கு நேர் மேல வைக்கச் சொன்னது அதுக்கும்தான். கறுப்பு நைட்ரைல் உறை போடுங்க, வெயில்ல அது பொடியாகிரும், மேல அலுமினியம் டேப் சுத்தணும்.

---

தாளவாடி மேட்டுக்காடு

எல்லாருக்கும் நன்றிங்க. குமுட்டி பேச்சு முடிஞ்சுது. இந்த வருஷம் மேற்கட்டி, பெட் வார்மர், ராடு ஹீட்டர், கீசர் நேரம், இவ்வளவும் பண்றோம். சீலிங் வைகாசியில.

கீசர்ல இன்னும் ரெண்டு சந்தேகம். தண்ணி காயறப்ப பக்கத்து வால்வுல சொட்டு சொட்டா ஒழுகுது, மாத்தணுமா? உள்ள "கடகட"ன்னு சத்தமும் வருது. ராத்திரியில எங்களுக்கு 190 வோல்ட்தான் வரும், அதனால யூனிட் ஜாஸ்தி ஓடுதுங்களா?

---

சத்தி வயரிங்

வோல்டேஜ் குறைஞ்சா ஹீட்டர் இழுக்கறதும் குறையும். 190 வோல்ட்ல 2000 வாட் கீசர் 1365 வாட்டாத்தான் வேலை செய்யும். 38 நிமிஷம் 55 ஆகும். யூனிட் அதேதான், சும்மா காத்திருக்கணும், அவ்வளவே. ஸ்டெபிலைசர் வாங்காதீங்க.

காயறப்ப மட்டும் சொட்டுனா கோளாறு இல்லை. 25 லிட்டர் 16லிருந்து 60க்குப் போறப்ப 400 மில்லி அளவு பெருக்கும், அது வெளிய வந்தாகணும். அந்த வால்வை எம்சீல் வெச்சு அடைச்ச ஆளுங்க உண்டு. டேங்க் வெடிக்கறது அப்படித்தான். ஒரு சின்னக் குழாய் மாட்டிக் கீழ விட்டுருங்க. ஆஃப்ல இருக்கறப்பவும் ஒழுகுனா வால்வு சீட்ல உப்பு, அப்ப மாத்துங்க.

கடகட சத்தம் எலிமெண்ட் மேல உப்புப் பத்து. அதனால கரண்டு கூடுதுன்னு சொல்வாங்க, அது அவ்வளவா உண்மையில்லை. சூடு தண்ணிக்குள்ள தவிர வேற எங்கயும் போக வழியில்லை. ஆனா எலிமெண்ட் உள்ள வெந்து சீக்கிரம் போயிரும், தெர்மோஸ்டாட் 75ல இருந்திருந்தா உப்புப் பத்து இன்னும் வேகமா ஏறியிருக்கும். கழட்டறது இப்படி: எம்சிபி ஆஃப், டெஸ்டர் வெச்சுப் பாருங்க, தண்ணி ஆறட்டும், இன்லெட் வால்வை மூடி டேங்க்கைக் காலி பண்ணுங்க. ஃபிளேஞ்ச் (எலிமெண்ட் மாட்டியிருக்கிற மூடித் தட்டு) நட்டைக் குறுக்கால மாத்தி மாத்தித் தளர்த்துங்க. எலிமெண்ட்டைச் சூடான 1 லிட்டர் தண்ணியில 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு ரெண்டு மணி நேரம் ஊற விட்டா பத்து நுரைச்சுக் கழண்டுரும். டேங்க் உள்ள கிளாஸ் கோட்டிங், கம்பி, ஸ்க்ரூ டிரைவர் விட்டுச் சுரண்டாதீங்க, பிளாஸ்டிக் கரண்டியால அள்ளுங்க. பக்கத்துல இருக்கிற மெக்னீசியம் ஆனோடு ராடைப் பாருங்க, நடுக்கம்பி தெரிய ஆரம்பிச்சிருந்தா புதுசு போடணும். அது தேஞ்சு முடிஞ்ச அன்னிக்கு உப்புத் தண்ணி டேங்க்கை அரிக்க ஆரம்பிக்கும். கேஸ்கட் பழசை வைக்காதீங்க, புதுசுதான்.

மூடுன பிறகு சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வெச்சு, அதுல தண்ணி காத்தில்லாம ஒரே சீராக் கொட்டுன அப்புறம்தான் சுவிட்சு. காலி டேங்க்ல ஒரு நிமிஷம் போட்டாலும் எலிமெண்ட் போச்சு.